எட்டுப் பேருக்கு இரண்டு ஊசி

"விமானம் கிளம்பிடுச்சாம்டா ஹமூத்! நாளைக்குக் காலையில ஊசி வந்து இறங்குது! டிவியில சொல்றான். அப்ப அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாரும் வந்துடறோம், என்ன?"

பர்ராக் பெரியப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. சத்தம் போட்டால்தான் தொலைபேசியில் கேட்கும் என்று இன்றைக்கும் நம்புகிறவர். ஹமூத் கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் டேபிள் டென்னிஸ் மட்டை இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ஹெஸ்ஸா பந்தைத் தட்டித் தட்டிக் காத்திருந்தாள். ஒன்பதுக்கு எட்டு. அவள்தான் முன்னிலை.

"அடுத்த செவ்வாயா?" என்றார் ஹமூத், வேறு ஏதாவது தோன்றும் வரைக்கும்.

மேசை போட்டிருந்த இடம் அவருடைய அப்பா மர்ஸூக்கின் திவானியா. தெருவைப் பார்த்துத் தனிக் கதவு, நான்கு சுவரையும் ஒட்டி மெத்தை, திண்டு. நாற்பது வருடமாகச் செவ்வாய் மாலையானால் ஆண்கள் வந்து உட்கார்ந்து, காப்பி, டீ, மறுபடி காப்பி என்று நள்ளிரவு வரை பேசிவிட்டுப் போகும் கூடம். ஒன்பது வருடத்துக்கு முன் அப்பா காலமானபோது வீடும் காரும் ஹமூத்துக்கு வந்தன. கூடவே இந்த எட்டுப் பேரும் வந்தார்கள்.

எட்டுப் பேரும் நல்லவர்கள். அதுதான் சிக்கலே. ஒருவராவது கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக் கடையைக் கட்டியிருக்கலாம். பர்ராக் பெரியப்பா எழுபத்தாறாம் வருடம் பாலைவனத்தில் தொலைந்துபோன தன் வல்லூறைப் பற்றிச் சொல்லுவார். வல்லூறு வாரா வாரம் தொலையும், வாரா வாரம் கிடைக்காது. ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் யாகூப், அரசாங்கம் எங்கே தவறுகிறது என்று விரலை மடக்கி எண்ணுவான், பத்து விரல் போதாமல் பக்கத்தில் இருப்பவர் விரலையும் மடக்குவான். ஹமூத் பிறவியிலேயே வாய் பேசாத ரகம். துறைமுக அலுவலகத்தில் பழைய கோப்புகளோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவர். கதவோரம் உட்கார்ந்து "வாங்க, வாங்க" என்பதும், "இன்னொரு டீ?" என்பதும்தான் ஒன்பது வருடமாக அவர் அந்தக் கூடத்தில் பேசிய மொத்தப் பேச்சு.

குவைத்தில் திவானியாவைத் திறப்பது எளிது. மூடத்தான் முடியாது. மூடினால் மறுநாளே "மர்ஸூக் பேரை மகன் இப்படியா கெடுப்பான்?" என்று தெருமுனையில் ஆரம்பித்து, மளிகைக் கூட்டுறவுக் கடை வரைக்கும் போய்விடும்.

மூடியது நோய்தான். அரசாங்கமே கூடாதென்று சொல்லிவிட்டது. முதல் செவ்வாய்க்கிழமை மாலை ஹமூத்தும் ஹெஸ்ஸாவும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் மீன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருபத்து ஏழு வருடமாகச் செவ்வாய்க்கிழமை என்றால் அவர் திவானியாவில், அவள் உள்ளே. இரண்டாவது மாதம் ஹெஸ்ஸா மேசையை வரவழைத்தாள். மூன்றாவது மாதம்தான் அவள் பள்ளிக்கூட நாளில் மாவட்டத்திலேயே முதல் ஆட்டக்காரி என்பது தெரிந்தது.

"இத நீ சொன்னதே இல்லையே?" என்றார் ஹமூத்.

"நீ கேட்டதே இல்லையே," என்றாள் ஹெஸ்ஸா, பந்தை மூலையில் சொருகிவிட்டு.

ஊரே பயத்தில் கிடக்கும்போது தான் மட்டும் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோமே என்று ஹமூத்துக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தியது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதைத்தான் இப்போது பர்ராக் பெரியப்பா விமானத்தில் வந்து பிடுங்கப் பார்க்கிறார்.

ஹெஸ்ஸா மேசைக்கு அந்தப் பக்கமிருந்து உதட்டை மட்டும் அசைத்தாள். "விட்டுக் குடுத்தே, அவ்வளவுதான்."

ஹமூத்துக்குச் சட்டென்று மகள் லுல்வா நேற்றுச் சாப்பிடும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் அந்தப் பகுதி மருத்துவ நிலையத்தில் மருந்தாளர்.

"பெரியப்பா, ஊசி வந்து இறங்கிட்டா நோய் அதே விமானத்துல ஏறிப் போயிடுமா? முதல்ல கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். பத்துல ஏழு பேராவது போட்டுக்கணும். அதுக்கு மாசக்கணக்காகும்."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு.

"மாசக்கணக்கா? சரிப்பா. நீ சொன்னா சரிதான்."

ஹமூத் போனை வைத்தார். கிழவர் மனசு எப்படி உடைந்திருக்கும் என்று நினைத்து அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன பொய் சொன்னே?" என்றாள் ஹெஸ்ஸா.

"பொய்யே இல்ல. அத்தனையும் லுல்வா சொன்ன நிஜம்."

"நிஜத்தைச் சொல்லித் தப்பிச்ச முதல் ஆம்பளை நீதான். சர்வீஸ் என்னோடது."

*

நான்காவது நாள் பர்ராக் பெரியப்பா மறுபடி கூப்பிட்டார்.

"பத்துல ஏழு என்னடா, எட்டுல எட்டு! எல்லாரும் பேரைப் பதிஞ்சாச்சு!"

ஹமூத் சொன்னது ஊருக்கான கணக்கு. பெரியப்பா அதைத் திவானியாவின் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"யாகூப் கூடவா? ஊசியே போட மாட்டேன்னு ஆறு மாசமா சத்தியம் பண்ணிட்டிருந்தானே?"

"அவன்தான் முதல்ல பதிஞ்சான். 'மர்ஸூக் திவானியா மூடிக் கெடக்கறதுக்கு நான்தான் காரணம்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது'ன்னுட்டான். அவன் பதிஞ்சதும் மத்தவனுக்கெல்லாம் ரோஷம் வந்துடுச்சு. எனக்கும்தான்."

பிப்ரவரி முடிவதற்குள் எட்டுப் பேரும் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். ஆளாளுக்குச் சட்டைக் கையைச் சுருட்டிப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பார்க்கப் பரிதாபமாக இருந்தது, இந்த வயதில் எட்டு மெலிந்த கைகள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே கேள்வி: "எப்போ ஹமூத்?"

ஹமூத் லுல்வாவின் அறைக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, ஒரு ஊசி போட்டா ஆச்சா?"

லுல்வாவுக்கு அப்பா மருந்தைப் பற்றிக் கேட்பதே பெரிய ஆச்சரியம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். "ஆகாதுப்பா. முதல் ஊசி உடம்புக்கு ஒரு அறிமுகம்தான். ரெண்டாவதும் போடணும். போட்ட அன்னிக்கே பலன் கிடைக்காது, ரெண்டு வாரம் ஆகும். எல்லாரும் இன்னிக்கு ஊசி, நாளைக்குக் கல்யாணம்னு நினைச்சிக்கறாங்க. அப்படியில்ல."

"அப்படியில்ல," என்று மனசாரத் திருப்பிச் சொன்னார் ஹமூத். வார்த்தைக்கு வார்த்தை குழுவில் எழுதிப் போட்டார்.

இடையில் ஊரடங்கு வந்து இரண்டு மாதம் அவரைக் காப்பாற்றியது. இரண்டாவது ஊசி வந்து சேரத் தாமதமாகி இன்னும் கொஞ்ச நாள் காப்பாற்றியது. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹமூத் ஹெஸ்ஸாவைப் பதினொன்றுக்கு ஒன்பது என்று ஜெயித்தார். அன்று அவளுக்குத் தலைவலி என்று அவள் சொல்கிறாள்.

*

ஜூன் மாதத்து வெயிலில் வாசல் மணி அடித்தது. கதவைக் கையளவு திறந்து பார்த்தால் யாகூப். முகக்கவசத்துக்கு மேல் கண்ணாடி ஆவி படிந்து கிடந்தது. கைப்பேசியைச் சம்மன் காட்டுவது போல நீட்டினான். திரையில் பச்சை நிறச் சான்றிதழ்.

"எட்டுப் பேரு, பதினாறு ஊசி, ரெண்டு வாரமும் தாண்டியாச்சு. இனிமே என்னடா சொல்றே?"

"உள்ள வா" என்று சொல்லாமல் ஒரு மனிதனை வாசலில் நிறுத்துவது ஹமூத் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ஆனால் உள்ளே ஹெஸ்ஸாவும் லுல்வாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். டொக், டொக், டொக் என்று சத்தம் தெரு வரைக்கும் வந்தது.

"என்னடா சத்தம் அது?"

"குழாய் ஒழுகுது."

"வெளியே!" என்று ஹெஸ்ஸாவின் குரல் கேட்டது. "மேசையிலேயே படல, வெளியே!"

"உங்க வீட்டுக் குழாயை ரொம்பக் கண்டிப்பா வளர்க்கறீங்க," என்றான் யாகூப்.

ஹமூத்துக்கு வியர்த்தது. லுல்வா சொன்னதில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று மனசுக்குள் துழாவினார்.

"யாகூப், கேளு. நீங்க எட்டுப் பேரு போட்டாச்சு. உங்க வீட்டு டிரைவர் போட்டானா? சமையல்காரம்மா? பால் கொண்டு வர்றவன்? கிருமி என் திவானியாவுலயா பொறக்குது? உங்க வீட்டுலேர்ந்துதானே உங்ககூட வண்டியேறி வருது? இது ஒருத்தர் ரெண்டு பேரோட முடியற காரியமில்ல. தெருவே போட்டுக்கணும்."

யாகூப் நின்று யோசித்தான். பூகோள வாத்தியாருக்கு நியாயமாகத்தான் பட்டது.

"இத அப்படியே பேசி அனுப்பு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

ஹமூத் காருக்குள் போய் உட்கார்ந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு பேசிப் பதிவு செய்தார். வாழ்நாளில் அவர் தொடர்ச்சியாக நாலு நிமிடம் பேசியது அதுதான்.

"தூசிக் காத்து அடிக்குது. நீங்க ஒரே ஒரு ஜன்னலைச் சாத்தினா வீடு சுத்தமா இருக்குமா? ஒவ்வொண்ணா ஓடி ஓடிச் சாத்தணும். ஊசியும் அப்படித்தான், ஒவ்வொருத்தரும் ஒரு ஜன்னல். எல்லா ஜன்னலையும் சாத்தின பிறகும், ஏற்கெனவே உள்ள வந்த தூசி இருக்குல்ல? அதைக் கூட்டணும், துடைக்கணும். மறுநாள் பார்த்தா அலமாரிக்கு அடியில இன்னும் கொஞ்சம் இருக்கும். பொறுமையா இருங்க. ஊசி வேலை செய்யுது. ஆனா நம்ம அவசரத்துக்கு வேலை செய்யாது."

அனுப்பிவிட்டு நிம்மதியாகப் போய் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். தெரு முழுக்க ஊசி போட்டு முடிக்க எப்படியும் அடுத்த வருடமாகும்.

*

அந்தப் பதிவு மறுநாள் காலையிலேயே கூட்டுறவுக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் ஹமூத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தூசிக் காத்து டாக்டர்தானே நீங்க? என் மாமியார் ஊசி போட மாட்டேன்னு அடம். நீங்க பேசினதைக் கேட்டு இன்னிக்கு விடிஞ்சதும் அவங்களே கிளம்பிட்டாங்க. 'நான் ஒரு ஜன்னல்'னு சொல்லிக்கிட்டே வண்டியில ஏறினாங்க."

தயிர் வாங்கப் போனவர் தயிரை மறந்துவிட்டு வந்தார். அன்று மாலை பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கை கொடுக்க வந்து, கொடுக்கக் கூடாது என்று நினைவு வந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். ஒரு வாரம் கழித்துப் பகுதிக் குழுவின் செயலாளர் வந்தார். கூடவே நடமாடும் ஊசிக் குழுவைச் சேர்ந்த ஓர் அதிகாரி அம்மா. பின்னால் முகமெல்லாம் சிரிப்பாக லுல்வா.

"நீங்க சொன்னது ரொம்பச் சரி," என்றார் அந்த அம்மா. "டிரைவர், சமையல்காரங்க, தோட்டக்காரங்க, இவங்கல்லாம் எங்ககிட்ட வர முடியாம நிக்கறாங்க. நாங்களே வர்றோம். பெரிய கூடம் வேணும், தெருவைப் பார்த்துத் தனிக் கதவு வேணும். உங்க மக உங்க திவானியாவைச் சொன்னாங்க."

"அப்பா இல்லேன்னு சொல்ல மாட்டாருன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் லுல்வா.

ஹமூத் மகள் முகத்தைப் பார்த்தார். இருபத்து நாலு வருடத்தில் அந்தப் பெண் அவரை அப்படிப் பெருமையாகப் பார்த்ததே இல்லை. "வாங்க, வாங்க," என்றார். அவருக்கு வேறென்ன வரும்?

அதிகாரி அம்மா கூடத்துக்குள் வந்ததும் நடுவில் கிடந்த மேசையைப் பார்த்து நின்றார்.

"இது?"

"ஊசி மருந்தெல்லாம் வைக்க வேணுமேன்னு," என்றார் ஹமூத். "முன்கூட்டியே வாங்கிப் போட்டேன்."

"அப்ப வலை?"

"போட்டவங்க இந்தப் பக்கம், போடாதவங்க அந்தப் பக்கம்."

உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஹெஸ்ஸா இருமினாள். அதிகாரி அம்மா குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "நல்ல ஏற்பாடு. மத்த இடத்துலயும் செய்யச் சொல்றேன். ஒரே ஒரு சங்கடம், எங்க வண்டிக்கு வாரத்துல ஒரு நாள்தான் ஒழியும். செவ்வாய்க்கிழமை."

*

முதல் செவ்வாய்க்கிழமை இருநூறு பேர் வந்தார்கள்.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது விதி. நான்கு சுவரோரமும் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். மர்ஸூக்கின் கூடத்தில் ஒரு மனிதர் டீ இல்லாமல் உட்கார்ந்தார் என்ற பேச்சு வரக் கூடாதே என்று ஹமூத் இத்ரீஸைக் கூப்பிட்டார். இத்ரீஸ் சூடான்காரர், அறுபது வயது. அப்பா காலத்திலிருந்து முப்பது வருடமாகத் திவானியாவின் டீயும் காப்பியும் அவர் கையில்தான். திவானியா மூடிய பிறகு தோட்டத்தில் புதினா போட்டுக்கொண்டு சும்மா இருந்தவர், கெட்டிலைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டு வந்தார்.

ஹமூத் கதவோரம் உட்கார்ந்து "வாங்க, வாங்க" என்றார். "இன்னொரு டீ?" என்றார். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது.

ஹெஸ்ஸா உள்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய மேசையின் மேல் பஞ்சும் குப்பிகளும், வலையில் யாரோ ஒட்டிய வரிசை எண்களும்.

"கெட்டிக்காரன்தான் நீ. எட்டுப் பேரைத் தடுக்க இருநூறு பேரைக் கூட்டிட்டே."

இப்படி நான்கு செவ்வாய். கடைசி நாளில் ஒரு நேபாளத்து டிரைவர், எழுந்து போகும்போது ஹமூத்துக்கு எதிரே வந்து நின்றார். இந்த ஒரு வருடமாகத் தினமும் பயந்து பயந்து வண்டி ஓட்டினேன், இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன் என்று தெரிந்த அரபியில் சொல்லிவிட்டுப் போனார். ஹமூத்தால் தலைநிமிர முடியவில்லை. ஒரு மேசையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் இத்தனையும் பேசினார். பேசிய மனசு கோணலாக இருந்தாலும் பேச்சு நேரான பேச்சுதான், அது தன்பாட்டுக்குப் போய் நல்ல காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"எண்ணூத்துப் பன்னெண்டு பேருப்பா," என்றாள் லுல்வா இரவுச் சாப்பாட்டில். "உங்களாலதான்."

ஹெஸ்ஸா தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

*

செப்டம்பரில் பர்ராக் பெரியப்பா கூப்பிட்டார். குரலில் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"தெருவே போட்டாச்சாமேடா. இனிமே தடை ஒண்ணுமில்லையே? இருந்தாலும் சொல்லு, நாங்க பொறுத்துப்போம்."

இந்தப் பெருந்தன்மைதான் ஹமூத்தை அடித்துப் போட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு நேராக மகளிடம் போனார்.

"நோய் முழுசாப் போயிடுச்சாம்மா?"

"முழுசாப் போகாதுப்பா. இது ஒரு நாள்ல முடிஞ்சு மணி அடிக்கற விஷயமில்ல. குறையும், திரும்ப ஏறும், மறுபடி குறையும். ஆனா ஊசி போட்டவங்க ஆஸ்பத்திரிக்குப் போறது ரொம்பக் குறைஞ்சு போச்சு. அதுதான் பெரிய விஷயம்."

"பார்த்தியா! முழுசாப் போகலைதானே? அப்ப திவானியா..."

"தாராளமாத் திறங்கப்பா. எட்டுப் பேரும் ரெண்டு ஊசி போட்டவங்க, அரசாங்கமும் அனுமதிச்சாச்சு. ஜன்னலைத் திறந்து வெச்சிட்டு உட்காருங்க." அவள் அவர் தோளில் கை வைத்தாள். "எனக்குத் தெரியும்ப்பா, அவங்களைப் பார்க்காம நீங்க எவ்வளவு தவிக்கறீங்கன்னு. வாரா வாரம் என்கிட்ட வந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்களே."

ஹமூத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலை பெரியப்பாவிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுவது என்று போன் போட்டார்.

"பெரியப்பா, ஒரு விஷயம் சொல்லணும். நான் இத்தனை நாள் தள்ளிப்போட்டது எதுக்குன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்! எங்க உசிருக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? மர்ஸூக் இருந்தா உன்னைக் கட்டிப் பிடிச்சிருப்பான். வர்ற செவ்வாய். முடிஞ்சு போச்சு."

செவ்வாய் மதியம் ஹெஸ்ஸா வலையைக் கழற்றிச் சுருட்டினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை மடித்து, கார் நிறுத்தும் கொட்டகையில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார்கள். ஹெஸ்ஸா ஒன்றும் கேலி செய்யவில்லை. அவள் கேலி செய்திருந்தால் ஹமூத் தாங்கிக்கொண்டிருப்பார்.

"ரெண்டு வருஷம் கூட ஆகல," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

*

ஆறு மணிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். வெள்ளை வெளேரென்று கஞ்சி போட்ட அங்கி, அத்தர் வாசனை. மூக்கோடு மூக்கு உரசி வணக்கம் சொல்லும் பழக்கத்தை ஒத்திவைத்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

"எப்ப எப்பன்னு இருந்தோம்!" என்றார் பர்ராக் பெரியப்பா.

"எப்ப எப்பன்னு!" என்றான் யாகூப்.

"நானும்தான்," என்றார் ஹமூத். குழாயையும் மேசையையும் தவிர்த்தால், அந்த வருடத்தில் அவர் சொன்ன சுத்தமான பொய் இது ஒன்றுதான்.

அப்புறம் வல்லூறு தொலைந்தது. பாலைவனத்தில் தேடினார்கள். கிடைக்கவில்லை. யாகூப் விரலை மடக்க ஆரம்பித்தான். ஒன்றரை வருடத்தில் அரசாங்கத்தின் தவறுகள் நிறையச் சேர்ந்திருந்தன. நடுநடுவே ஒருவர் எழுந்து, "கை கழுவிட்டு வந்துடறேன்," என்று உள்பக்கம் போய்விட்டு வந்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் இன்னொருவர். பர்ராக் பெரியப்பா போனவர் கொஞ்சம் தாமதித்தே வந்தார். சுத்தத்தில் எல்லோருக்கும் எவ்வளவு கவனம் வந்துவிட்டது என்று ஹமூத் நினைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் சர்க்கரை வியாதி.

எட்டரைக்கே எல்லோரும் கிளம்பினார்கள்.

"அதுக்குள்ளயா? இருங்க, இன்னொரு டீ," என்றார் ஹமூத், வழக்கப்படி.

"இல்லப்பா, ரொம்ப நாள் கழிச்சுத் திறந்திருக்கே, முதல் நாளே சிரமம் தரக் கூடாது. அடுத்த செவ்வாய் கண்டிப்பா!"

"கண்டிப்பா!" என்றார்கள் ஏழு பேரும் ஒரே குரலில்.

கடைசிக் காரும் போன பிறகு ஹெஸ்ஸா உள்ளேயிருந்து வந்து, மெத்தையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹமூத் காலி டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியல ஹெஸ்ஸா. அந்தக் கிழவர் கண்ணு கலங்கினதை நீ பார்க்கல. அவங்களுக்கு இந்தக் கூடம்தான் உசிரு. நம்ம ஆட்டத்துக்காக எட்டுப் பேரை ஒன்பது மாசம் ஏங்க விட்டுட்டேன். பாவம் பண்ணிட்டேன்."

"எனக்கும் மனசு கேக்கல," என்றாள் ஹெஸ்ஸா மெதுவாக.

"போனது போகட்டும். இனிமே நான் இருக்கற வரைக்கும் செவ்வாய்க்கிழமை அவங்களுக்குத்தான். ஒரு வாரம் கூட மூட மாட்டேன். இது அப்பா மேல ஆணை."

ஹெஸ்ஸா அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவள் கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

இத்ரீஸ் தட்டோடு வந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"முதலாளி, தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு இத்ரீஸ்."

"இந்த மூணாவது ஊசி, மூணாவது ஊசிங்கறாங்களே, அது எப்ப வருது?"

"வரும்போது வரும். உனக்கென்ன அதுல அவ்வளவு அவசரம்?"

"எனக்கில்லீங்க முதலாளி. கை கழுவறேன்னு ஒருத்தர் ஒருத்தரா எட்டுப் பேரும் சமையல்கட்டுக்கு வந்து, அந்த ஊசி வர்ற வரைக்கும் திவானியாவை மூடி வைக்கச் சொல்லி உங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லச் சொன்னாங்க; ஆனா கேட்டது யாருன்னு மட்டும் சொல்லக் கூடாதாம், தெரிஞ்சா மத்த ஏழு பேரும் மனசு ஒடிஞ்சு போயிடுவாங்களாம்."